தாண்டிப் போன தட்டு

எண்பதுகளின் கடைசியில், சட்டமன்றத் தேர்தல் நடந்த ஒரு தை மாதத்தில், ராஜபாளையத்தில் நடந்தது இது. நான் அப்போது ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேஸ்திரி. வாரத்தில் ஆறு நாள் மெஷினோடும் ஆட்களோடும் கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில் சபைக்குப் போவேன். கோபுரமும் மணியும் உள்ள பெரிய கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகை. தரையில் பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். கை தட்டிப் பாடுவோம். பாஸ்டர் ஒரு வரி சொன்னால் நாங்கள் பத்து ஆமென் சொல்லுவோம். சின்னப் பிள்ளைகளோடு சேர்த்து அறுபது பேர் இருப்போம். அந்த அறுபது பேருக்கு நான் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. முப்பத்திரண்டு வயதில் மூப்பர் என்ற பட்டம் வந்துவிட்டது, மூப்புதான் வரவில்லை.

நான் சொல்லப்போகிற அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் ஓரத்தில் இருந்தார்; அவர்கள் தெருவுக்கு ஓட்டு எங்கள் தொகுதியில்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொடுப்பார். வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் சபைக்கு வருவதில்லை. அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிடுவார். நன்றாகப் பாடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆமென் சொன்னால் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்.

சபையில் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. இயேசுவை நினைத்து ஆளுக்கொரு துண்டு அப்பமும் ஒரு வாய் திராட்சை ரசமும் எடுத்துக்கொள்கிற ஆராதனை அது. அந்த அப்பத்தை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. அக்காதான் சுட்டுக்கொண்டு வருவார். புளிக்காத மாவில் கொஞ்சம் உப்பும் எண்ணெயும் சேர்த்து, தோசைக்கல்லில் வட்டமாகச் சுட்டு எடுப்பார். சுட்டு முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டார், பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று என் மனைவி சொல்லுவாள். வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்து, பஸ் எவ்வளவு நெரிந்தாலும் வாளியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார்.

பாஸ்டர் ஜெபித்து அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைத்ததும், அதை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது என் வேலை. உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள். நான் ஒரு துண்டு வைத்துவிட்டு அடுத்தவரிடம் போவேன். இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மில்லில் நான் வந்தால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்; இங்கே நான் வந்தால் கை நீட்டுகிறார்களே என்ற அற்பப் பெருமை.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரே கவலை கொட்டகைதான். ஐப்பசி மழையில் ஒரு பக்கத் தகரம் பிய்ந்து போயிருந்தது. கட்டிடம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது பக்கத்துத் தெருக்காரர்கள் எதிர்த்து மனுக் கொடுத்துவிட்டார்கள். அனுமதி இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. தோண்டிய குழியில் யார் வீட்டு ஆடோ விழுந்து, ஆராதனையை நிறுத்திவிட்டு நாங்கள் இறங்கித் தூக்கிய கதையும் உண்டு. பாஸ்டர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்துப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பார். தன் காலத்திலேயே அந்தக் குழியில் கல் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எனக்கும் அதே ஆசைதான்.

அப்போதுதான் ஒரு வேட்பாளர் ஆள் விட்டார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கட்சிக்கும் இந்த வேலை தெரியும். சபை மொத்தமாக ஓட்டுப் போட்டால், ஜெயித்த மறுமாதமே அனுமதி வாங்கித் தருவதாகச் செய்தி வந்தது. பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தர் வாசலைத் திறந்துவிட்டார் என்றார். நானும் ஓட்டமாய் ஓடி ஏற்பாடுகளைச் செய்தேன்.

ஞாயிறு ஆராதனையின் நடுவில் வேட்பாளர் வந்தார். செருப்போடு பாயில் கால் வைக்கப்போனவர், கூட வந்தவர் காதில் சொன்னதும் கழற்றினார். பாஸ்டர் அவரை முன்னால் நிறுத்தி, “இந்தச் சபையில இருக்கிற அத்தனை வாக்கும் உங்களுக்குத்தான். கர்த்தருடைய சந்நிதியில நான் வாக்குக் குடுக்கிறேன்” என்றார். பிறகு எல்லோரும் அவருக்கு நேராக வலது கையை நீட்டி மூன்று முறை ஆமென் சொல்லச் சொன்னார். முதல் ஆமென் அவர் சுகமாக இருக்க வேண்டும் என்ற ஜெபத்துக்கு. இரண்டாவது, எங்கள் ஓட்டு அவருக்கே என்ற உறுதிமொழிக்கு. மூன்றாவது, இதை மீறுகிறவர்கள் கர்த்தரை மீறுகிறவர்கள் என்பதற்கு.

முதல் ஆமெனுக்கு அக்காவும் கை நீட்டினார். சத்தமாகவே சொன்னார். இரண்டாவதற்குக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவதற்கும் எடுக்கவில்லை. அத்தனை கை நீண்ட இடத்தில் மடியில் கிடக்கிற இரண்டு கை பளிச்சென்று தெரிந்தது. பாஸ்டரும் பார்த்தார். வேட்பாளர் பார்க்கவில்லை, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் விசாரித்து வருகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் பகல் ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். சைக்கிள் கடைக்குப் பின்னாலேயே வீடு. கடை வாசலில் எங்கள் வேட்பாளரை எதிர்த்து நிற்கிற கட்சியின் கொடி பறந்துகொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கட்சியில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கொடியைப் பார்த்ததுமே ஓகோ, விஷயம் இதுதானா என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளே போய்ப் பேசியதெல்லாம் சும்மா.

“ஏன்க்கா கை நீட்டல?” என்று கேட்டேன்.

“நீட்டுனேனே தம்பி. அவிய நல்லாருக்கணும்னு ஜெபம் பண்ணையில நீட்டுனேனே.”

“ஓட்டுக்கு நீட்டலையே?”

அக்கா சிரித்துவிட்டார். “பாஸ்டர் ஐயா வாக்குக் குடுத்தாக. அது அவிய வாக்கு. எம்பேர்ல இருக்க வாக்கை அவிய எப்பிடித் தம்பி குடுக்க முடியும்?”

நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “கடைசியில நான் அந்த மனுசனுக்கே போட்டாலும் போடுவேன். ஆனா ஆண்டவர் பேரைச் சொல்லி ஆணையிட்டுப் போட மாட்டேன். ஆணையிட வேணாம்னு இயேசுவே சொல்லிருக்காக. நீங்களும் படிச்சதுதான?” என்றார்.

“அப்ப சபைக்குக் கட்டடம் வேணாமா?”

“வேணும். நானும்தான் நனையுறேன். அதை ஆண்டவர்ட்டக் கேப்போம்.”

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், மில்லிலும் அப்படித்தான். அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு விறைப்பாகக் கிளம்பினேன். திரும்பி வந்து பாஸ்டரிடம், “அவிய வீட்டு வாசல்ல அந்தக் கட்சிக் கொடி பறக்குது பாஸ்டர். வீட்டுக்காரர் சொல்லிக்குடுத்ததத்தான் பேசுறாக” என்றேன். இதில் முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதியை நான் பஸ்ஸில் வரும்போது சேர்த்துக்கொண்டேன். பாஸ்டரிடம் மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கூட இருந்த நாலு பேர் காதில் அது விழும்படிதான் சொன்னேன். வாரம் முடிவதற்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்து வந்தது மாதத்தின் முதல் ஞாயிறு. அக்கா வழக்கம்போல வந்து வாளியை என் கையில் கொடுத்து, “சூடு இன்னும் இருக்கு தம்பி, பாத்து” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அப்பத்தைப் பிடுவதற்கு முன்னால் பாஸ்டர், சபையின் ஒருமனப்பாட்டுக்கு விரோதமாக நிற்கிறவர்கள் இந்த முறை பந்தியில் கலந்துகொள்ள வேண்டாம் என்றார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன். அக்காவின் முறை வந்தது. அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டியிருந்தார். பாஸ்டர் சொன்னது தன்னைத்தான் என்று அவருக்குப் புரியவில்லையா, இல்லை புரிந்தும் நீட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். கொடு என்றோ கொடுக்காதே என்றோ அவர் ஜாடை காட்டியிருந்தால், பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன். அவர் எதுவும் காட்டவில்லை. நானாகத்தான் தட்டை அந்தக் கைகளுக்கு மேலாக நகர்த்தி, அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் கொண்டுபோனேன். அடுத்து உட்கார்ந்திருந்தது என் மனைவி.

நம் ஊரில் கல்யாணப் பந்தியில் ஒருவரை உட்கார வைத்து, பக்கத்து இலைக்குச் சோறு போட்டுவிட்டு அவர் இலையைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும்? பந்தியே எழுந்துவிடும். இரண்டு குடும்பத்துக்கும் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இங்கே ஒருவரும் எழவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். அக்காவின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டார். ஆராதனை முடிந்ததும் வந்து, “வாளியத் தாங்க தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சோறு போட்டாள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள். “அவிய சுட்ட அப்பத்த அவியளுக்கே இல்லைன்னுட்டு எங்கையில வச்சீகளே, அது தொண்டையில எறங்கலைங்க” என்றாள். சபை ஒழுங்கு உனக்கு என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அப்பத்தைச் சுட்டது யார் என்பது அவள் சொல்லும்வரை என் புத்தியில் ஏறவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் உண்மை. காலையில் வாளியை என் கையால் வாங்கி வைத்தவன் நான்.

தேர்தல் முடிந்தது. எங்கள் வேட்பாளர் தோற்றார். அதுவும் கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை. எங்கள் கொட்டகையில் ஓட்டு உள்ளவர்கள் எல்லாரும் ஆளுக்கு இருபது ஓட்டுப் போட்டிருந்தாலும் கரையேறியிருக்க மாட்டார். ஆனாலும் அடுத்த ஞாயிறு பாஸ்டர், ஒருவன் ஒளித்துவைத்த பாவத்தால் சேனை முழுவதும் தோற்றுப்போன கதையை வேதத்திலிருந்து எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அக்கா நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுமாத முதல் ஞாயிறுக்கு, அவர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மேசை மேல் தூக்குவாளி இருந்தது. துணியைப் பிரித்தேன். எப்போதும்போல வட்டமாக, கருகாமல் சுட்ட அப்பம். அக்கா கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது அவர் கை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். எனக்குத் தர்மசங்கடம் வேண்டாம் என்றுதான் அப்படி உட்கார்ந்தார் என்பது தெரிந்தது.

வாளியை வாங்க வந்தபோது மெதுவாக, “எதுக்குக்கா கஷ்டப்பட்டுச் சுட்டுட்டு வாரீக?” என்று கேட்டேன். “எனக்கு இல்லைங்கிறதுக்காக மத்தவகளுக்கு இல்லாமப் போகணுமா தம்பி?” என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கடுத்த மாதமும் சுட்டு வந்தார். அவர் சுட்டதை நாங்கள் தின்றோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்காவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். நான் நழுவப் பார்த்தேன். “வாங்க மூப்பரே, டீ சாப்பிடுங்க” என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஆள் கொஞ்சம் கிண்டல் பேர்வழி. என்ன பேசுவது என்று தெரியாமல், உங்கள் கட்சி எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

“எந்தக் கட்சி? கொடியத்தான் பிடுங்கிட்டுப் போயிட்டானுகளே” என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “எலெக்சனுக்கு முந்தின வாரம் எங்காளுக தெருவுல வீடு வீடா வந்தாக. தட்டுல சூடத்தக் கொளுத்தி, அது மேல கையடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாக. அம்புட்டுப் பொம்பளைகளும் பண்ணுனாக. எம்பொண்டாட்டி மட்டும், நான் எந்தச் சாமி பேரச் சொல்லியும் ஆணையிட மாட்டேன், யாருக்கும் இல்ல, போயிட்டு வாங்கன்னுட்டா. கட்சிக்காரன் வீட்டுலயே இப்பிடியான்னு என்னக் காறித் துப்பாத கொறதான். பத்து வருசம் கொடி கட்டுனவன் மூப்பரே நானு.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் விடவில்லை. “ஒங்க கொட்டகையிலயும் அவளுக்கு அப்பம் இல்லைன்னுட்டியளாம்ல? அவ சொல்லல, பஸ்ல வந்த பொம்பளைக பேசிக்கிட்டாக. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்னும் பேச்சாம்ல? நான் சொல்லிக் கேக்குற ஆளா அவ? ஒங்க சாமி வேற, எங்க சாமி வேறன்னு இருந்தேன். ஓட்டுன்னு வந்தா ரெண்டு பக்கமும் சத்தியந்தான் கேக்குறிய” என்று சொல்லிவிட்டு டீக்குக் காசையும் அவரே கொடுத்தார்.

நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். கடை வாசலில் கொடி இருந்த இடத்தில் வெறும் கம்பி நின்றது. அக்கா மிஷினில் ஒரு சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொடியைப் பார்த்து நானாகவே முடிவு பண்ணியது, பாஸ்டரிடம் கதை கட்டியது, தட்டை நானாகவே நகர்த்தியது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

“எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல தம்பி. அன்னைக்கே ஆண்டவர்ட்டச் சொல்லி எறக்கி வச்சிட்டேன்” என்றார். அதோடு முடிந்தது என்று எழப்போனேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. “ஒண்ணு மட்டும் செய்ங்க. எங்கிட்டச் சொன்னத, சாட்சி நேரத்துல சபையில எந்திரிச்சுச் சொல்லுங்க. எனக்காக இல்ல. சின்னப் பிள்ளைக எல்லாம் பாத்துட்டு இருந்துச்சுக. அப்பம்ங்கிறது ஓட்டுக்குக் குடுக்கிற பண்டம்னு அதுக நெனச்சிரக் கூடாது.”

“கண்டிப்பாச் சொல்றேன்க்கா. வாக்குக் குடுக்கிறேன்” என்றேன்.

“வாக்கெல்லாம் வேணாம். சொல்லுங்க, போதும்” என்றார்.

அந்த ஞாயிறு வந்தது. பாட்டுகள் முடிந்ததும், ஆண்டவர் செய்த நன்மைகளை யாராவது எழுந்து சொல்லுகிற சாட்சி நேரம். நான் எழுந்தேன். கடைசி வரிசையில் அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பாஸ்டர் சந்தோஷமாகச் சிரித்து, சொல்லுங்க பிரதர் என்றார். முன் வரிசையில் நான் கதை சொன்ன நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என் கீழே மில்லில் வேலை பார்க்கிற இரண்டு பேரும் இருந்தார்கள். பொய் சொன்னேன் என்று இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? பாஸ்டர் முகம் என்ன ஆகும்? நாளைக்கு இந்த இரண்டு பேரையும் நான் எப்படி வேலை வாங்குவேன்? அத்தனையும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது.

வாயைத் திறந்தேன். போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்ததையும் ஆண்டவர் சுகமாக்கியதையும் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு முறை சொன்ன சாட்சிதான். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். அதில் ஒரு குரல் கடைசி வரிசையிலிருந்து, எப்போதும்போலச் சத்தமாக, தெளிவாக வந்தது. என் காமாலை சுகமானதற்கு அக்கா மனதாரச் சொன்ன ஆமென் அது. அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் என்னை முறைத்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. முதல் ஞாயிறு மேசை மேல் வாளியைக் காணோம். பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அவர் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து மகளைக் கட்டிக்கொடுத்த திருப்பூர்ப் பக்கமே குடும்பத்தோடு போய்விட்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கம். கட்டிட அனுமதியும் கிடைத்தது. அதற்கு எந்த எம்.எல்.ஏ.வும் தேவைப்படவில்லை. வரைபடத்தில் பாதைக்கு இடம் விடாததுதான் தடங்கல் என்று அலுவலகத்தில் ஒரு கிளார்க் சொன்னார். திருத்திக் கொடுத்தோம், தந்துவிட்டார்கள். பழைய பாஸ்டர் வேறு ஊருக்குப் போய், புதியவர் வந்தார். தகரம் போய்க் காங்கிரீட் வந்தது. நான் மட்டும் மூப்பராகவே இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மறுபடியும் ஒரு தேர்தல். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினான். நல்ல பையன், வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். பேச்சின் நடுவே, “முன்னால நம்ம சபையில ஒரு அக்கா இருந்தாங்களாம். வீட்டுக்காரர் கட்சிக்காக ஊழியக்காரரை எதிர்த்து, கடைசியில விசுவாசத்தை விட்டே விழுந்துபோனாங்களாம். அப்படி நாம ஆகிடக் கூடாது” என்றான். அவன் அக்காவைப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் வரும்போது நான் கட்டிய கதை, எனக்கு முன்னால் உட்கார்ந்து பிரசங்கமாகியிருந்தது. இருபது முப்பது வாலிபப் பிள்ளைகள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “தம்பி, அந்த அக்கா கட்சிக்காகப் போகல. ஆண்டவர் பேரச் சொல்லி எந்தக் கட்சிக்கும் ஆணையிட மாட்டேன்னாங்க, அம்புட்டுத்தான். பந்தியில அவங்களத் தாண்டித் தட்டக் கொண்டுபோனது நாந்தான்” என்றேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: “இத நீங்க அப்பவே எந்திரிச்சுச் சொல்லிருக்கலாமேண்ணே?”

அக்கா என்னை எப்போதோ மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவரை ஒதுக்கியதைச் சபையே பார்த்தது. நான் மன்னிப்புக் கேட்டதை ஒரு தையல் மிஷினைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் பேர் இன்னும் அங்கே கெட்டுத்தான் கிடக்கிறது, அதைக் கெடுத்த நான் மாதம் தவறாமல் முதல் ஆளாக அப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.